பொறி பறக்காத மதியம்

திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டிக்குப் போகும் காலைப் பேருந்தில் என் பக்கத்தில் அநேகமாக ஒரே அம்மாதான் உட்காருவார். அவருக்கு விழுப்புரத்தில் ஜவுளிக் கடை வேலை. நான் விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன் என்பதும் தெரியும். ஒருநாள் கேட்டேவிட்டார்.

“தினிக்கும் இன்னா பாட்டுதான் கேட்டுக்கினு வர்றீங்க டீச்சர்?”

ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றிக் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“பாட்டே வரலியே. யாரோ குந்திக்கினு மல்லாட்ட ஒடைக்கிறாப்புல கீது.”

வேர்க்கடலை உடைக்கிற சத்தமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அது என் பழைய வேலையில் கேட்ட சத்தம் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது ஒரு செம்புப் பெட்டிக்குள் மின்பொறி பறக்கிற சத்தம். ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் என் கணவரும் வேலை பார்த்தபோது பதிவு செய்தது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அந்தப் பெட்டியை ஆங்கிலத்தில் கேவிட்டி என்பார்கள். மாத்திரை டப்பாவைப் பெரிதாக்கியது போல வட்டமாக, உள்ளே வெறுமையாக இருக்கும். நாங்கள் இருவரும் அதை டப்பா என்றே சொல்லுவோம். அதற்குள் ரேடியோ அலையைச் செலுத்தினால் அலை சுவருக்குச் சுவர் மோதி ஓங்கி நிற்கும். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழையும் துகளுக்கு முன்பக்கமாக ஓர் உந்தல் கிடைக்கும். எங்கள் துகளுக்குப் பெயர் மியூவான். எலெக்ட்ரானுக்கு உறவுதான், ஆனால் பல மடங்கு கனம். ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குகூட உயிரோடு இருக்காது. பிறக்கும்போதே ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு வேகத்தில் சிதறிப் பிறக்கும். அந்தக் கூட்டத்தை நெருக்கிச் சீரான கற்றையாக ஆக்கினால்தான் ஒன்றோடொன்று மோதவிட்டு ஆராய முடியும். அப்படிச் சீராக்குவதைத்தான் குளிர்விப்பது என்கிறோம். வழியில் ஏதாவது லேசான பொருளை வைத்து எல்லாத் துகளையும் கொஞ்சம் களைக்க வைப்போம். பக்கவாட்டு ஓட்டமும் குறையும், முன்னோட்டமும் குறையும். அடுத்து வரும் டப்பா முன்னோட்டத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கும். இப்படியே மாற்றி மாற்றிச் செய்தால் அலைச்சல் அடங்கி கூட்டம் ஒரே பக்கமாக ஓடும். துகள் சாவதற்குள் இதையெல்லாம் முடித்தாக வேண்டும்.

தொல்லை காந்தத்தால் வந்தது. கற்றை சிதறாமல் இருக்க டப்பாவைச் சுற்றிப் பலமான காந்தம் வேண்டும். காந்தம் இல்லாதபோது ஒழுங்காக இருக்கும் டப்பா, காந்தத்துக்குள் வைத்ததும் பொறி கக்க ஆரம்பித்துவிடும். சுவரிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களை அந்தக் காந்தமே நூல் மாதிரி திரித்து எதிர்ச் சுவரில் ஒரே இடத்தில் அடிக்க வைக்கும். அந்த இடத்தில் செம்பு சூடேறி உருகிக் குழி விழும். பொறி பறக்கும்போது டப்பா நொறுக்கென்று ஒரு சத்தம் போடும். டப்பாவின் வெளிப்பக்கம் சுற்றிலும் சின்னச் சின்ன மைக்குகளை ஒட்டி, சத்தம் எந்த மைக்குக்கு முதலில் வந்தது என்று பார்த்து, பொறி விழுந்த இடத்தைச் சொல்வது என் வேலை. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது என் கணவர் வேலை. அவர் ஏற்றுவார், நான் கேட்பேன்.

அவரை நான் அறிந்ததும் காதால்தான். அங்கே சேர்ந்த புதிதில் ஒருநாள் உணவுக்கூட வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ போனில், “சாப்டத்தாம்மா வந்துக்கினு கீறேன்” என்றார். அந்த ஊரில் எத்தனையோ மொழி காதில் விழும். தமிழ்கூட எப்போதாவது விழும். இந்தக் ‘கினு’ விழுந்ததில்லை. தட்டோடு திரும்பி, திண்டிவனமா என்று கேட்டேன். விழுப்புரம் என்றார். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். நான் கல்லூரிக்குப் போன அதே ரயிலில் அவரும் போயிருக்கிறார், வேறு பெட்டியில். இரண்டு ஊருக்கும் நடுவில் ரயிலில் போனால் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. அத்தனை பக்கத்தில் இருந்தவரைப் பார்க்க நான் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது என்று எங்கள் கல்யாணத்தில் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சோதனைக் கூடத்தில் எனக்குப் பிடித்த வேலை ஒன்று இருந்தது. டப்பாவுக்கு மின்சாரம் கொடுக்கும்போது எக்ஸ்ரே கிளம்பும் என்பதால் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கதவைப் பூட்டுமுன் ஒருவர் கூடம் முழுக்க நடந்து, மூலை முடுக்கெல்லாம் பார்த்து, சுவரில் இருக்கும் பொத்தான்களை அழுத்திக்கொண்டே வெளியே வர வேண்டும். அதன்பிறகு சைரன் ஊதும். அந்த நடையை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். குழாய்களும் கம்பிகளுமாக இருக்கிற அந்தக் கூடத்தில் கடைசி ஆளாக டப்பாவைத் தாண்டி வருவேன். யாரும் பார்க்காதபோது அதன் விளிம்பில் கை வைத்துவிட்டு வருவேன். குளிர்ந்திருக்கும்.

செம்புக்குப் பதிலாக பெரிலியம் என்ற உலோகத்தில் சுவர் வைத்தால் பொறி அடங்கும் என்று எங்கள் குழு கணக்குப் போட்டிருந்தது. மிக லேசான உலோகம். எலெக்ட்ரான் அதன் வழியாக நுழைந்து வெளியே போய்விடும், ஓர் இடத்தில் தங்கிச் சூடாக்காது. ஆனால் அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு என்பதால் அதை வெட்டவும் இழைக்கவும் மிகுந்த கவனம் வேண்டும், காலம் பிடிக்கும். சுவர்த் தகடு தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஊரிலிருந்து போன் வந்தது.

அப்பா இறந்தபிறகு வல்லம் பக்கத்து நிலத்தை அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாட்டை மூட்டைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்த இடத்தில், திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில், மூட்டை மேலேயே சாய்ந்து விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. நான் ஒரே பிள்ளை. கிடைத்த விமானத்தில் கிளம்பினேன். விமான நிலையத்தில் என் கணவர், சுவர் வந்து சேர்வதற்குள் நீ வந்துவிடுவாய் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். குளிர்கால உடுப்பையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அம்மா பேச நாளானது. நடக்க அதைவிட நாளானது. முதலில் என் தோளைப் பிடித்துக்கொண்டும், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டும், பிறகு கோலை ஊன்றியும் நடந்தார். என்னோடு அங்கே வந்துவிடும்படி கேட்டுப் பார்த்தேன். அங்கே வந்து யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவரைத் தனியே விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. என் விடுப்பு முடிந்து, வேலையும் முடிந்தது. அங்கே சுவர் வந்து சேர்ந்தது. காந்தம் பழுதானது. அதைக் கழற்றி, சரிசெய்து, மறுபடி குளிரூட்டி, மறுபடி பழுதாகி, ஆண்டுகள் ஓடின. நான் கல்லூரியில் சேர்ந்தேன். அவர் டப்பாவோடு அங்கே இருந்தார்.

ஒவ்வொரு நாளும் பேசுவோம். முதலில் அம்மாவைக் கேட்பார், பிறகு டப்பாவைப் பற்றிச் சொல்வார். பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு குழாயில் கசிவு, ஒரு மைக் விழுந்துவிட்டது, புதிதாக வந்த மாணவி என் பழைய நாற்காலியில் உட்காருகிறாள். கடைசியாகச் சொன்னது மட்டும் அன்று முழுக்க மனதில் கிடந்தது. கல்லூரியில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அங்கே காலை வேலை ஆரம்பிக்கும். இப்போது யாரோ கூடத்தைச் சுற்றி நடந்து வருகிறார்கள், இப்போது பொத்தானை அழுத்துகிறார்கள் என்று டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கணவர்மேல் ஏக்கமா, அந்தக் கூடத்தின்மேல் ஏக்கமா என்று பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன.

ஒரு வருடம் கல்லூரி மாணவர்களை வைத்து அலுமினியத்தில் ஒரு சின்ன டப்பா செய்தேன். பாடத்துக்காக என்று சொன்னாலும், கையால் தொட ஒன்று வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை. லேசான அலையைச் செலுத்தி, எந்த அதிர்வில் அது ஒத்து அதிர்கிறது என்று பார்த்தோம். சரியாக வந்தது, மாணவர்கள் கைதட்டினார்கள். அதில் பொறி பறக்க வழியில்லை, அத்தனை சக்தி கொடுக்க எங்களிடம் எதுவும் கிடையாது. சத்தமே போடாத அந்தப் பெட்டியை ஆய்வக அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆண்டுக்கொரு முறை அவர் வருவார். ஒருமுறை விழுப்புரத்தில் தன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இருவரும் ரயிலுக்காக நின்றோம். விழுப்புரம் ஜங்ஷனில் எத்தனை பக்கமிருந்து ரயில் வரும், எது எங்கே பிரியும் என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சிறுவயதில் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கத்து வண்டி என்று சொல்லிவிடுவாராம். பேச்சை நிறுத்திவிட்டு, “நா வேலைய உட்டுட்டு வந்துடட்டா?” என்று கேட்டார்.

வரச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று அவருக்குத் தெரியும். ஆனால் காந்தம் அப்போதுதான் சரியாகி வந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வந்தால், இருவரில் ஒருவர்கூட அதைப் பார்க்க இருக்கமாட்டோம்.

“டப்பாவ முடிச்சிட்டு வா” என்றேன்.

அம்மா முன்னால் அவரை வாங்க போங்க என்பேன். தனியாக இருக்கும்போது நீதான்.

போன கோடையில் எல்லாம் கூடி வந்தது. பெரிலியம் சுவர் வைத்த டப்பா காந்தத்துக்குள் ஏறிவிட்டது. ஆடி மாதத்தில் முழுச் சக்தி கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. அதைக் கேட்டதும் அம்மா, நீ போய் இருந்துவிட்டு வா என்று அவராகவே சொன்னார். வல்லத்திலிருந்து சித்தி வந்து கூட இருப்பதாக ஏற்பாடு. நான் விசாவுக்கு விண்ணப்பித்தேன், புதிதாக ஒரு பெட்டி வாங்கினேன். இந்தமுறை காந்தம் யாரையும் காக்க வைக்கவில்லை. சொன்னதற்கு முன்பே தயாராகிவிட்டது. விசா வரவில்லை. சோதனையைத் தள்ளிவைக்கும்படி அவர் கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் காந்தத்துக்காக வேறு குழுக்களும் வரிசையில் நின்றன, ஒருவருக்காக நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நான் பரவாயில்லை என்றேன். போனை வைத்தபிறகு அந்தப் புதுப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

சோதனை அன்று மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். வெயில் கொளுத்தியது. அம்மா மின்விசிறிக்கு நேராகக் கட்டிலில் படுத்திருந்தார். மடிக்கணினியை நாற்காலிமேல் வைத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்தேன். டப்பாவின் மைக்குகளில் ஒன்று கேட்பதை எனக்கு அப்படியே கேட்கும்படி அவர் இணைத்துக் கொடுத்திருந்தார். இயர்போனை மாட்டப் போனேன்.

“நானும் கேக்கறேன், வெளியவே வை” என்றார் அம்மா.

ஸ்பீக்கரில் வைத்தேன். சைரன் ஊதுவது தூரத்தில் கேட்டது. பிறகு டொக், டொக், டொக் என்று மெல்லிய தட்டல். ஒவ்வொரு முறை அலை நுழையும்போதும் டப்பாவின் உடம்பு லேசாக அதிரும், அது எப்போதும் இருப்பதுதான். நான் காத்திருந்தது அதற்கு மேலே வரும் நொறுக்குச் சத்தத்துக்கு. அவர் ஏற்றிக்கொண்டே போனார், எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று திரையில் எழுத்தில் வந்துகொண்டிருந்தது. செம்பாக இருந்தபோது முதல் பொறி விழுகிற அளவு எனக்கு மனப்பாடம். அது வந்தது. டொக், டொக். அதையும் தாண்டினார். இன்னும் ஏற்றினார். நாங்கள் அங்கே கனவில்கூட எட்டாத அளவு வந்தது. அப்போதும் அதே தட்டல்தான், சீராக.

இத்தனை ஆண்டும் இதற்குத்தான் காத்திருந்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, காது என்னமோ அந்த நொறுக்குச் சத்தம் ஒன்றே ஒன்றாவது வராதா என்று துழாவிக்கொண்டே இருந்தது.

“இன்னாடி, ஒரே மாதிரி அடிச்சிக்கினு கீது?” என்றார் அம்மா.

“அப்டிதாம்மா இருக்கணும். பொறி வுழல.”

“பொறி வுழுந்தா கண்டுபுடிக்கறதுதான உன் வேல?”

“ஆமா.”

அம்மா கோணிய வாயால் சொற்களைத் திரட்டிக்கொண்டு சொன்னார். “அப்ப உனுக்கு அங்க வேலயே இல்லியா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா இடது கையால் என் தலையைத் தொட்டார். அந்த நேரம் பார்த்து என் கணவர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசினார். பின்னால் யாரெல்லாமோ சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கேட்டுதா?”

“கேட்டுது” என்றேன்.

“கேமராவ போடு. உன் மூஞ்சிய பாக்கணும்போல கீது.”

போட்டேன். அழுத முகத்தோடு நானும், எனக்குப் பின்னால் கட்டிலில் அம்மாவும் அவருக்குத் தெரிந்திருப்போம். அம்மாவைப் பார்த்ததும், சாப்பிட்டீங்களா அத்தை என்றார். அத்தனை பேர் நடுவில் அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சோதனை பல நாள் நடந்து முடிந்தபிறகு டப்பாவைத் திறந்தார்கள். உள்சுவரின் படங்களை அனுப்பி, வழக்கம்போல் நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். பழைய செம்புச் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும், ஒவ்வொன்றாக எண்ணுவேன். இந்தச் சாம்பல் நிறச் சுவரைப் பெரிதாக்கி, ஓரத்திலிருந்து ஓரம்வரை தேடினேன். குழி ஒன்றும் இல்லை. நடுவில் மட்டும் கலங்கலாக ஒரு நிழல் இருந்தது. உற்றுப் பார்த்தபோது புரிந்தது, அது அவர். வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பில், முகமூடி போட்டு, கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுவரில் தெரிந்தது. முகம் தெரியவில்லை, சாய்ந்து நிற்கும் விதத்தில் தெரிந்துகொண்டேன். சுவர் சுத்தமாக இருக்கிறது என்று பதில் எழுதிவிட்டு, அந்தப் படத்தை மூடாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

அடுத்த கட்டத்தில் ஒரு டப்பா இல்லை, வரிசையாகப் பல டப்பாக்கள். நடுநடுவே காந்தமும் களைக்க வைக்கும் பொருளும். அதை இயக்கிப் பார்க்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அவரை இருக்கச் சொல்லிவிட்டார்கள். பல டப்பாக்களில் எது சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிக்கக் காது வேண்டும், உன்னைக் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் போன் பேசினால் எல்லா அறைக்கும் கேட்கும்.

ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சொன்னார்.

“எனுக்கும் ஒரு பாஸ்போர்ட்டு எடு.”

எதற்கு என்று கேட்டேன்.

“எதுக்கா? மாப்ள மூஞ்சிய பாத்துக்கினு குந்தியிருக்கத்தான். நெலத்த உங்க சித்தி பாத்துக்குவா, கேட்டுட்டேன்.”

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். போட்டோக்காரர் வாயை நேராக வைக்கும்படி இரண்டு முறை சொன்னார், அப்புறம் விளங்கிக்கொண்டு, இப்படியே நன்றாக இருக்கிறது என்று எடுத்துவிட்டார். கையெழுத்துப் போட வராததால் விழுப்புரத்தில் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. இருவருக்கும் விசாதான் இன்னும் வரவில்லை. அவர் படியில்லாத தரைத்தள வீடாகப் பார்த்து, குளியலறைச் சுவரில் அம்மா பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருப்பதாகப் படம் அனுப்பினார். கம்பி வலது பக்கம் இருந்தது, இடது பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுக் காலை நான் கிளம்பும்போது அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். சித்தி மகளிடமிருந்து கடன் வாங்கிய ஸ்வெட்டரை ஒரு கையால் எப்படியோ மாட்டிக்கொண்டிருக்கிறார். கழுத்திலிருந்து வேர்வை ஊற்றுகிறது. இந்த வெயிலில் என்னம்மா இது என்றேன்.

“போட்டுப் பழகிக்கினு கீறேன். நீ போ, பஸ்ஸு பூடும்” என்றார்.